பொல்லாத கண்ணும் ஒரு தெனாரியமும்



நம் ஊர்களில் காலை ஆறரை மணிக்கு, பேருந்து நிலையத்தை ஒட்டியோ டீக்கடை முக்கிலோ ஆட்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார், சித்தாள், பெயின்டர், குழி வெட்டுகிறவர் என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள். கையில் தூக்குவாளி, பையில் கரண்டியும் மட்டக்கோலும். மேஸ்திரி பைக்கில் வந்து நிறுத்துவார், பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள், நான்கு பேரை மட்டும் கைகாட்டி அழைப்பார். எட்டு எட்டரை மணிக்குள் திடமான ஆட்கள் எல்லாம் போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் அங்கே நிற்பவர்கள் யார்? வயதானவர், மூச்சு வாங்குகிறவர், கைக்குழந்தையோடு வந்த பெண், மொழி தெரியாமல் வெளிமாநிலத்திலிருந்து வந்திறங்கிய இளைஞர். பத்து மணிக்கு அவர்கள் தூக்குவாளியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புவார்கள்.

மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்லும் திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை (மத் 20:1-16) இத்தகைய ஒரு சந்தைவெளியில்தான் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று திருப்பலியில் இதை வாசிக்கக் கேட்கிறோம். அன்று பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர், “சாமி, இது என்ன நியாயம்?” என்று கேட்காமல் இருப்பதில்லை. காலையிலிருந்து வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு தெனாரியம், கடைசி ஒரு மணி நேரம் வந்து நின்றவனுக்கும் அதே ஒரு தெனாரியமா? கேள்வி நேர்மையான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல், உவமையைக் கொஞ்சம் மெதுவாகப் படித்துப் பார்ப்போம்.

அக்காலத்தில் சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பகலைப் பன்னிரண்டு மணிகளாகப் பிரித்தார்கள். நிலக்கிழார் விடியற்காலையில் ஒருமுறை ஆள் தேடிப் போகிறார். பிறகு நம் கணக்கில் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3, கடைசியாக மாலை 5 மணிக்கும் போகிறார். ஐந்து முறை. தோட்ட வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று தெரிந்த முதலாளி காலையிலேயே கணக்குப் போட்டு அழைத்திருப்பாரே! இவ்வளவு பெரிய தோட்டத்தை வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாதா? இவர் போவது வேலையின் தேவையைப் பார்த்தா, அங்கே நிற்பவர்களின் தேவையைப் பார்த்தா என்ற ஐயம் இரண்டாவது, மூன்றாவது முறையிலேயே நமக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் வந்தவர்களிடம் மட்டும்தான் நாளுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசப்படுகிறது. ஒன்பது மணிக்கு வந்தவர்களுக்கு, நேர்மையானதைத் தருவேன் என்ற வாக்கு மட்டும். ஐந்து மணிக்காரர்களிடம் கூலிப் பேச்சே இல்லை. நாளெல்லாம் ஏன் இங்கே சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவ்வளவுதான். அவர்கள் சோம்பேறிகள் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை. மறையுரைகளில் நாம்தான் அவர்களைச் சோம்பேறிகள் ஆக்கிவிடுகிறோம். சோம்பேறியாக இருந்தால் மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் ஏன் நிற்க வேண்டும்? நண்பகலிலேயே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்.

தெனாரியம் என்பது ஏறத்தாழ நான்கு கிராம் எடையுள்ள ஒரு வெள்ளி நாணயம். ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம் அது. அன்று வாங்கி அன்று செலவாகிவிடும் பணம். அதனால்தான் ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவர் அதையே நம்பியிருக்கிறார் என்று இணைச்சட்ட நூல் (24:15) கட்டளையிடுகிறது. லேவியர் நூலும் (19:13) மறுநாள் காலை வரை அதை வைத்திருக்காதே என்கிறது. நிலக்கிழார் அந்தச் சட்டப்படியே மாலையில் மேற்பார்வையாளரை அழைத்துக் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு தெனாரியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பசி பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்காது.

திருஅவையின் தந்தையர் இந்த உவமையை வேறு விதமாகவும் படித்தார்கள். திருத்தந்தை பெரிய கிரகோரியார், ஐந்து வேளைகளும் ஆதாம் முதல் நம் காலம் வரையான உலக வரலாற்றின் ஐந்து காலங்கள் என்றார். ஒரு மனிதரின் குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையான பருவங்களாகவும் அவற்றை விளக்கினார். கீழைத் திருஅவைகளில் பாஸ்கா இரவில், புனித யோவான் கிறிசோஸ்தோமின் பெயரால் வழங்கும் ஒரு மறையுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. கடைசி மணியில் வந்தவரும் அஞ்சாமல் விருந்துக்கு வரலாம் என்ற அழைப்பு அதில் இருக்கிறது. அருமையான விளக்கங்கள். வயதான காலத்தில் கடவுளிடம் திரும்பியவர்களுக்கு இவை எவ்வளவு ஆறுதல்! ஆனால் இந்த வழியில் மட்டுமே போனால், யாரும் அழைக்காமல் நின்ற அந்த மனிதரின் காலி வயிறு கண்ணில் படாமலே போய்விடும். இயேசு சொன்னது விண்ணரசைப் பற்றி. அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது கூலியாளின் வயிற்றை. இரண்டில் ஒன்றை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

இப்போது உவமையின் உச்சத்துக்கு வருவோம். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுடைய முறையீட்டை நன்றாகக் கேளுங்கள். எங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டீர் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பேசிய கூலி கைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய வருத்தம், பிந்தி வந்தவர்களை எங்களோடு சமமாக்கிவிட்டீரே என்பது. சமம் என்ற சொல்தான் அங்கே வலிக்கிறது. இந்த வலி நமக்குப் புதிதல்ல. கோவிலுக்குள் தனி இடம், கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் என்று சாதியின் பெயரால் நம் தமிழகத் திருஅவை நடத்திக்காட்டிய வரலாறு நமக்குத் தெரியும். அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கு அடக்க நிலம் குறைந்துவிடவில்லை. பக்கத்தில் படுப்பவர் யார் என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை.

நிலக்கிழார் கோபப்படவில்லை. ‘தோழரே’ என்றுதான் அழைக்கிறார். மத்தேயு நற்செய்தியில் கிரேக்க மூலத்திலுள்ள இந்த அழைப்புச்சொல் மூன்று இடங்களில் வருகிறது. இங்கே ஒன்று. திருமண ஆடை இல்லாமல் விருந்துக்கு வந்தவரிடம் அரசர் பேசும்போது ஒன்று (22:12). கெத்சமனித் தோட்டத்தில் முத்தமிட வந்த யூதாசிடம் இயேசு பேசும்போது ஒன்று (26:50). மூன்று இடத்திலும் அழைக்கப்படுபவர் விலகி நிற்பவர், அழைப்பவரோ உறவை இன்னும் முறிக்காதவர்.

பிறகு அவர் கேட்கும் கேள்வியை நம் மொழிபெயர்ப்பில் பொறாமையா என்று வாசிக்கிறோம். பொருள் சரிதான். ஆனால் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பொல்லாத கண்’. நான் நல்லவனாய் இருப்பதால் உமது கண் பொல்லாததாகிவிட்டதா என்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘வன்கண்ணன்’ என்ற சொல் அந்தக் கண்ணை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

கண்ணைப் பற்றித் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புது வீட்டு வாசலில் பூசணிக்காய், புது வண்டியில் எலுமிச்சையும் மிளகாயும், குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு. நம் கத்தோலிக்க வீடுகளில் சிலவற்றில் சிலுவைக்குப் பக்கத்திலேயே எலுமிச்சம்பழமும் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வழக்கில் பொல்லாத கண் எப்போதும் அடுத்தவருடையது. பக்கத்து வீட்டுக்காரி கண் பட்டுவிட்டது என்போமே தவிர, என் கண் பட்டுவிட்டது என்று நாம் சொல்வதில்லை. விவிலியம் அதைத் திருப்பி வைக்கிறது. ஏழாம் ஆண்டில் கடன்களை மன்னிக்க வேண்டும் என்பது இணைச்சட்டத்தின் விதி. அந்த ஆண்டு நெருங்குகிறது என்று எண்ணி ஏழைச் சகோதரனுக்குக் கடன் கொடுக்கத் தயங்குபவரைப் பார்த்து, உன் கண் அவன்மேல் பொல்லாததாய் இருக்க வேண்டாம் என்று அந்த நூல் (15:9) எச்சரிக்கிறது. நீதிமொழிகள் நூலிலோ (22:9), உணவை ஏழையோடு பகிர்ந்துகொள்பவருக்குப் பெயர் ‘நல்ல கண்ணுடையவர்’. இயேசு மலைப்பொழிவில் உடலுக்கு விளக்கு கண் என்று சொன்னதும் (மத் 6:22-23) செல்வத்தைப் பற்றிய இரண்டு போதனைகளுக்கு நடுவில்தான். ஆக, பொல்லாத கண் என்பது எலுமிச்சம்பழத்துக்கு அடங்கும் மந்திர சக்தி அல்ல. அடுத்தவர் தட்டில் விழும் சோற்றைத் தாங்க முடியாத பார்வை அது.

இந்தப் பார்வையோடு நம் நாள்களைக் கொஞ்சம் பொருத்திப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் ஏறும் பெண்ணைப் பார்த்து, “ஓசி டிக்கெட்” என்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டியைப் பார்த்து, மரத்தடியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறார் என்கிறோம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் வந்து நம் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறோம். அரசுத் திட்டங்களில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தனியே விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டியின் கூலியால் என் கூலி ஒரு ரூபாய்கூடக் குறையாதபோதும் எனக்கு வயிறு எரிகிறது என்றால், அங்கே பேசுவது பொருளாதாரமா, கண்ணா?

இந்த உவமை உலகப் பொருளாதாரச் சிந்தனையையே அசைத்தது என்றால் வியப்பாக இருக்கும். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860ஆம் ஆண்டு எழுதிய நான்கு கட்டுரைகளுக்கு, நிலக்கிழார் சொன்ன வார்த்தைகளிலிருந்தே ‘கடையனுக்கும்’ என்று பொருள்படும் தலைப்பை எடுத்தார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியின் கையில், நண்பர் போலக் அந்த நூலைக் கொடுத்தார். காந்தி இரவு முழுவதும் தூங்கவில்லை. வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து எடுத்துக்கொண்ட அவர், அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே நிறமோ நாடோ பாராமல் தலைக்கு மாதம் 3 பவுண்டு என்று விதி வைத்தார். அங்கே அச்சான ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அப்போது தமிழ்ப் பகுதியும் இருந்தது. அந்த நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது அவர் வைத்த பெயர்தான் சர்வோதயம்.

நம் திருஅவையிலோ, திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு மே 15 அன்று வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ திருமடல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. இருவரும் ஒத்துக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது, உழைப்பவர் எளிமையாகவேனும் வாழப் போதுமானதாக அது இருக்க வேண்டும், வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு ஒருவர் தலையாட்டினால் அது அவர்மேல் இழைக்கப்படும் அநீதி என்று அத்திருமடல் கற்பித்தது. இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ 2025இல் தாம் ஏன் இப்பெயரைத் தேர்ந்தார் என்று கர்தினால்களுக்கு விளக்கியபோது முதன்மையாகக் குறிப்பிட்டதும் இந்தத் திருமடலைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் பணம், என் விருப்பம் என்று நிலக்கிழார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சில முதலாளிகள் சாய்ந்து உட்காரக்கூடும். அவருடைய விருப்பம் மேலே மட்டுமே போனது என்பதை மறக்க வேண்டாம். பேசியதில் ஒரு காசும் குறையவில்லை. பேசாதவர்களுக்கும் நிறைவாகக் கிடைத்தது. ஏழையின் கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதற்கு நிகர் என்கிறது சீராக் நூல் (34ஆம் அதிகாரம்). வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு, கோவில்பிள்ளைக்கு, நம் பள்ளிகளில் கூட்டிப் பெருக்கும் பெரியம்மாவுக்கு நாம் கொடுப்பது, ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடும் தெனாரியமா? இதைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

உவமையை இயேசு யாருக்குச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். பரிசேயருக்கு அல்ல. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சற்றுமுன் கேட்ட பேதுருவுக்கும் அவருடைய தோழர்களுக்கும்தான் (19:27). அவர்கள் விடியற்காலையில் வந்தவர்கள். உவமையைக் கேட்ட பிறகாவது புரிந்ததா? சில வரிகள் தள்ளி, செபதேயுவின் மனைவி தம் இரு மகன்களோடு வந்து, ஒருவருக்கு இயேசுவின் வலப்பக்கமும் மற்றவருக்கு இடப்பக்கமும் இடம் கேட்கிறார் (20:20-21). மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. அவர்களுடைய கண்ணும் அந்த நாற்காலிகளின்மேல்தான் இருந்தது போலும்.

வலப்பக்கம், இடப்பக்கம் என்ற அதே சொற்களை மத்தேயு கல்வாரியில் மறுபடி எழுதுகிறார் (27:38). அங்கே அந்த இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் கள்வர்கள். அவர்களில் ஒருவர் கடைசி மணியில் வாய்திறந்து கேட்டதையும், அன்றே, பொழுது சாயுமுன், அவருக்குக் கிடைத்ததையும் லூக்கா (23:42-43) நமக்குச் சொல்கிறார்.