அழிந்துபோனதாக நினைத்த வாத்து... இன்று ஏரிக்கரையை விட்டு நகர மறுப்பது ஏன்?

காலையில் ஏரிக்கரையில் வாக்கிங் போகிறீர்கள். நடைபாதை முழுக்க எச்சம். குறுக்கே கூட்டமாக வாத்துகள். ஒவ்வொன்றும் நாலைந்து கிலோ இருக்கும். பக்கத்தில் போனால் கழுத்தை நீட்டிச் சீறுகின்றன!

அமெரிக்காவின் பல குடியிருப்பு ஏரிகளில் இது அன்றாடக் காட்சி. கறுத்த கழுத்தும் வெள்ளைத் தாடையும் கொண்ட 'கனடா வாத்து'தான் அந்த அடாவடி விருந்தாளி.

இத்தனைக்கும், இவற்றில் மிகப் பெரிய வகை அழிந்தேவிட்டது என்று 1950-களில் நம்பினார்கள். 1962-ல் மினசோட்டா மாநிலம், ராசெஸ்டர் நகரின் சில்வர் ஏரியில் அவை உயிரோடு இருப்பதை ஹரால்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். மின்நிலையத்தின் வெந்நீர் கலந்ததால், பனிக்காலத்திலும் அந்த ஏரி உறையாமல் இருந்தது. பிறகு பல மாநிலங்கள் இந்த வாத்துகளை வளர்த்து ஏரிகளில் விட்டன. இன்று அவை லட்சக்கணக்கில் பெருகிவிட்டன.

ஏன் போக மறுக்கின்றன?

ஒட்ட வெட்டிய புல்வெளியின் இளம்புல்தான் இவற்றுக்குப் பிடித்த சாப்பாடு. பக்கத்திலேயே தண்ணீர். நரி ஒளிந்து வர முடியாத வெட்டவெளி. போதாததற்கு, பிரெட் போடும் மனிதர்கள். இத்தனை வசதியையும் செய்து கொடுத்தது நாம்தானே!

கொன்றால் தீருமா?

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தில் இந்த வாத்துகள் மோத, அது ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் தப்பினார்கள். அதன்பின் நியூயார்க்கில் வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். கோடையில் இறகு உதிர்ந்து சில வாரங்கள் பறக்க முடியாது என்பதால், பிடிப்பது சுலபம். 2010-ல் புரூக்ளினின் ப்ராஸ்பெக்ட் பூங்காவில் மட்டும் சுமார் 400 வாத்துகள் கொல்லப்பட, மக்கள் கொதித்தார்கள்.

இதில் ஒரு சோகம் உண்டு. விமானத்தில் மோதியவை உள்ளூர் வாத்துகளே அல்ல. வெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை என்று இறகுகளை ஆராய்ந்த ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தவிர, புல்வெளி அப்படியே இருந்தால், காலியான ஏரிக்கு வேறு கூட்டம் வந்துவிடும்.

கொல்லாமல் குறைக்க 4 வழிகள்

* தீனி போடாதீர்கள்: முதல் படி இதுதான். செலவே இல்லை.

* கரையில் உயரமான செடிகள்: தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே புதர்போல வளர விட்டால், எதிரி எங்கே ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தில் வாத்துகள் கரையேறத் தயங்கும்.

* பார்டர் கோலி நாய்கள்: பயிற்சி பெற்ற இவை கடிக்காது, விரட்டும். ஆனால், விரட்டப்பட்டவை பக்கத்து ஏரிக்குப் போய்விடலாம்.

* முட்டைக்குச் சோள எண்ணெய்: எண்ணெய் தடவினால் ஓட்டுக்குள் காற்று புகாது, குஞ்சு உருவாகாது. முட்டையை எடுத்துவிட்டால் தாய் மறுபடி இடும். எண்ணெய் தடவினாலோ, தெரியாமல் அடைகாத்துக்கொண்டே இருக்கும். முதலில் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தொடுவதில்லை. 1918-ம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், அரசிடம் பதிவு செய்த பிறகே இதைச் செய்ய முடியும்.

இந்த வாத்துகள் 20 ஆண்டுகளுக்கு மேல்கூட வாழக்கூடியவை. அதனால் பலன் ஒரே வருடத்தில் தெரியாது.

ராசெஸ்டரில் பேஸ்பால் அணிக்கே வாத்தின் குரலை வைத்து 'ஹாங்கர்ஸ்' என்று பெயரிட்டார்கள். அதே ஊரிலும் பிறகு, வாத்துகளைக் குறைக்க சில்வர் ஏரிக்கரையில் செடிகளை வளர்த்தார்கள். பாசம் இருக்கலாம், பிரெட் துண்டு மட்டும் வேண்டாம்!