24 கலர் பாக்ஸ் எதுக்கு? ஆறு ட்யூப் போதுமே!

பெயின்டிங் கத்துக்கலாம்னு முடிவு பண்ணினதும் முதல் வேலையா 24 கலர் பாக்ஸ் வாங்கிடுவோம். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கலந்து பார்த்தால், தட்டில் வருவதோ காபி டிகாக்‌ஷன் நிறம்! 'நமக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று பிரஷ்ஷை அதோடு மூட்டை கட்டியவர்கள் நிறைய பேர். உங்க கை நல்லாத்தான் இருக்கு. எடுத்த சிவப்புதான் சரியில்லை.

கடையில் வாங்கும் எந்த நிறமும் பக்கத்து நிறத்தின் மேல் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். காட்மியம் ரெட் ஆரஞ்சு பக்கம் சாயும். தாலோ புளூ பச்சை பக்கம். இரண்டையும் கலந்தால் மஞ்சளும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். மூன்று அடிப்படை நிறங்களும் சேர்ந்தால் மங்கத்தானே செய்யும்? ரோஸ் பக்கம் சாய்ந்த ஒரு சிவப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து பாருங்க, ஊதா பளிச்சென்று வரும்.

அதனால மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் சூடானது ஒன்று, குளிர்ச்சியானது ஒன்று என ஆறு ட்யூப், கூடவே ஒரு வெள்ளை. வாட்டர்கலருக்கு அந்த வெள்ளைகூட அவசியமில்லை, பேப்பரே வெள்ளைதானே! வாங்கும்போது ட்யூபின் சின்ன எழுத்துகளைப் படிங்க. கலரின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறமிக் குறியீடு மாறாது. 'பிபி 29' என்றால் அல்ட்ராமரைன். மூன்று, நான்கு குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலந்த கலர், சீக்கிரமே சேறாகிவிடும்.

ஆறே அதிகம்னு சொல்றவங்களும் உண்டு. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் அழைக்கப்படும் பேலட்டில் வெள்ளை, யெல்லோ ஓக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக் என நாலே நிறங்கள். நீலமே கிடையாது! கறுப்பில் வெள்ளை கலந்தால் வரும் சாம்பல், சூடான நிறங்களுக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் ஆலிவ் பச்சை. முகம் வரையப் பழக அருமையான பேலட் இது. பளீர் நீலக் கடல் வேணும்னா மட்டும் கைகொடுக்காது.

சரி, எப்படி அடுக்குவது? நடுவில் கலக்க இடம் விட்டு, ஓரமாக வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என வெளிரில் இருந்து அடர்த்திக்குப் போங்க. வேறு வரிசை பிடித்தாலும் சரி, ஆனா தினமும் அதே வரிசைதான். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பார்க்காமலே கை போகுதே, அப்படிப் போகணும். வெள்ளையை மட்டும் இரண்டு மடங்கு பிதுக்குங்க. பச்சை வேணும்னா மஞ்சளில் துளி நீலம் சேருங்க; நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் போனால் ட்யூபே காலியாகிடும்.

பேலட்டுக்குத் தனியா செலவு வேண்டாம். வாட்டர்கலருக்கு வெள்ளைப் பீங்கான் தட்டே போதும். பிளாஸ்டிக்கில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். காய்ந்த கலரையும் கழுவிக் கொட்டாதீங்க, மறுநாள் ஈர பிரஷ் பட்டால் கரையும். அக்ரிலிக் அப்படியில்லை, காய்ந்தால் காய்ந்ததுதான். அதுக்கு ஈரத்துணி மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வையுங்க.