டேப்பெட் கவருக்குள் என்ன சத்தம்?

பழைய மினி காரின் பானெட்டைத் தூக்குங்கள். குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின்மேல் ஒரு தகர மூடி, அதுதான் டேப்பெட் கவர். இரண்டே இரண்டு நட்டு. கழற்றியாச்சா? அடடா, எட்டு ராக்கர்களும் எண்ணெயில் குளித்து வரிசை கட்டி நிற்கிறதைப் பாருங்கள்! இவற்றை அனுப்பிவிட்டு, பளபளக்கும் ரோலர் ராக்கர்களைக் குடியேற்றப் போகிறோம்.

இன்ஜின் சாமானியப்பட்டதல்ல. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) 'ஏ சீரீஸ்'. 1951ல் ஆஸ்டின் ஏ30ல் 803 சி.சி.யாகப் பிறந்தது. 1952 முதல் மொரிஸ் மைனருக்குள், 1959ல் மினிக்குள். 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க்கை ஜெயிக்க வைத்த மினி கூப்பர் எஸ் காரிலும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

இனி கூத்தைக் கேளுங்கள். கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் சுழல்கிறது. வால்வுகளோ மேலே ஹெட்டில். புஷ் ராட் ஏறி வந்து ராக்கரின் ஒரு முனையைத் தள்ள, மறுமுனை வால்வை அழுத்துகிறது. சீசாப் பலகைதான், ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் நீளம். கம்பெனி ராக்கரின் விகிதம் சுமார் 1.25. கேம் 6 மி.மீ. தூக்கினால் வால்வு 7.5 மி.மீ. திறக்கும். 1.5 விகித ராக்கர் போட்டால்? அதே கேம், 9 மி.மீ.! ஹெட்டைக் கழற்றவில்லை, கேமைத் தொடக்கூட இல்லை. வால்வு திறந்திருக்கும் நேரமும் ஏறக்குறைய பழையபடியே என்பதால் ஐடிலிங் முரண்டு பிடிக்காது.

அப்படியென்றால் ரோலர் எதற்கு? பழைய ராக்கரின் மூக்கு வால்வின் தலையை உரசிக்கொண்டே அழுத்தும். வால்வைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதில் வால்வு கைடு தேயும். புதியதின் மூக்கில் இருக்கும் ரோலர் உருண்டு போவதால் அந்த உரசல் குறைகிறது. பெயரைத் தட்டிக்கொண்டு போவது ரோலர்; குதிரைத்திறனைக் கூட்டுவது விகிதம். தினமும் ஓட்டுகிற காருக்கு 1.3 விகிதமே போதும் என்பேன். ஆனால் 1.5 பெட்டியைக் கையில் வாங்கியவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

துள்ளுவதற்கு முன் சில சோதனைகள். முழுக்கத் திறந்த நிலையில் வால்வு ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா? புஷ் ராட் ஹெட்டின் துளையில் உரசுகிறதா? பெரிய வால்வு போட்ட 1275 என்றால், எக்சாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இடிக்கலாம். அதற்காகப் பிளாக்கில் பள்ளம் வெட்டுவார்கள். அட, டேப்பெட் கவர்கூடச் சில ராக்கர்களில் இடிக்கும்!

இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டுமே, மினியில் கிராங்க் புல்லி பக்கம் கை நுழையாதே? பிளக்குகளைக் கழற்று, டாப் கியரில் போடு, காரை மெல்லத் தள்ளு. சுற்றும்!

டேப்பெட் செட் பண்ண ஒன்பது வாய்ப்பாடு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றாவதைச் செட் பண்ணு, ஏழு திறந்தால் இரண்டு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பழைய ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே 0.012 அங்குல இடைவெளி. புதியதற்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவு.

கவரை மூடி, ஸ்டார்ட்! காற்று கூடுதலாக உள்ளே போவதால் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும், எஸ்.யூ. கார்புரேட்டரின் ஊசியை மாற்றியாக வேண்டும். அதற்கொரு நாள், இன்னொரு பார்சல்.