பிரெஞ்சு மொழியின் இணைப்பொலி: தோன்றலா, கெடுதலா?

எழுத்தில் இருந்தும் ஒலிக்காத ஈற்று மெய், வேறொரு தொடரில் மட்டும் ஒலிப்பது ஏன்? புதுச்சேரியிலும் தமிழகத்திலும் பிரெஞ்சு பயிலும் தமிழ் மாணவர்க்குத் தொடக்க நிலையிலேயே எழும் வினா இது. பெயருக்கு முன் வரும் பன்மைச் சுட்டு ஸகர ஈற்றுடன் எழுதப்படுகிறது. ‘லே லீவ்ர்’ (நூல்கள்) என்பதில் அந்த ஸகரம் ஒலிப்பதில்லை. ‘லே ஸமி’ (நண்பர்கள்) என்பதில் ஒலிப்புடைய ஸகரமாக ஒலிக்கிறது. பிரெஞ்சு இலக்கணத்தார் இதனை ‘லியேசோன்’ என்பர். இக்கட்டுரை இதனை இணைப்பொலி எனக் குறிக்கிறது.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இது உடம்படுமெய்யாகத் தோன்றுவது இயல்பே. இரண்டிலும் உயிர்களுக்கிடையே ஒரு மெய் வருகிறது. ஆயினும் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகிறது. யகரமா வகரமா என்பதைத் தமிழில் நிலைமொழியின் ஈற்றுயிர் முடிவு செய்யும். பிரெஞ்சில் வரும் மெய்யை உயிரைக் கொண்டு அறிய இயலாது. அது சொல்லுக்கே உரியது. ‘லே’ என்பதன்பின் ஸகரமும், ‘பெத்தி’ (சிறிய) என்பதன்பின் தகரமும் வருவது இதனாலேயே.

எனவே மெய்யீற்று வடிவத்தையே நிலைமொழியாகக் கொள்வது பொருந்தும். பழைய பிரெஞ்சில் இவ்வீற்று மெய்கள் ஒலித்தன. காலப்போக்கில் மெய்க்கு முன்னும் சொல்லிறுதியிலும் அவை கெட்டன. உயிருக்கு முன் எஞ்சின. மரம் + வேர் = மரவேர் என்பதில் மகரம் கெடுவதே இதற்கு நெருங்கிய ஒப்புமை. மறைந்த மெய்யை அறியப் பெண்பால் வடிவமும் பெரிதும் உதவும்: ‘பெத்தி’ என்பதன் பெண்பால் ‘பெத்தித்’. ‘கிரான்’ (பெரிய) போன்ற சில சொற்களில் இவ்வழி சற்றுப் பிசகும். ‘கிரான்’ என்பதன் எழுத்திலும் பெண்பாலிலும் இருப்பது ஒலிப்புடைய பல்லொலி. ‘கிரான் தொம்’ (பெருமனிதர்) என்னும் இணைப்பில் கேட்பதோ ஒலிப்பிலாத் தகரம். பழைய பிரெஞ்சில் இச்சொல் ஒலிப்பிலாத் தகர ஈறாகவே வழங்கியது. எழுத்து மாறிற்று, இணைப்பில் பழைய ஒலி நின்றது. தமிழ் வரிவடிவம் இவ்விரு ஒலிகளையும் ஒரே எழுத்தால் குறிப்பதால், தமிழில் எழுதிப் படிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தவறவிடக்கூடும்.

தொடரியல் உறவும் இங்குக் கருதத்தக்கது. பெயரடைக்கும் பெயருக்கும் இடையே இணைப்பொலி கட்டாயம். பெயர் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே அது வாராது. எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாமையை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ‘உம்’மைப் பொருள் தரும் ‘ஏ’ என்னும் சொல்லின் ஈற்றுத் தகரம் எழுத்தளவில் மட்டுமே உள்ளது. இன்றைய வழக்கில் எவ்விடத்தும் இணைவதில்லை.

ஹகரச் சொற்கள் தனிச் சிக்கல். ஹகரம் இன்று ஒலிப்பதில்லை. எனினும் சில சொற்களில் அது மெய்போல் நின்று இணைப்பைத் தடுக்கிறது. இவற்றுட் பல செருமானிய மொழிகளிலிருந்து வந்தவை. ஆனால் கிரேக்க மூலமுடைய ‘ஏரோ’ (வீரர்) என்பதும் தடுக்கிறது. ‘லே ஏரோ’ என்பதை இணைத்து ஒலித்தால் ‘சுழியங்கள்’ எனப் பொருள்படும். அதன் பெண்பாலாகிய ‘ஏரோயீன்’ இணைப்பை ஏற்கும். இங்கு விதியால் பயனில்லை. அகராதிகள் இச்சொற்களுக்கு இடும் குறியீட்டைக் கண்டு மனங்கொள்வதே வழி.

மேற்கண்ட விளக்கத்திற்கு அடங்காதது ஒன்று உண்டு. ‘இல் அ’ (அவனிடம் உள்ளது) என்பது வினாவாகி முறைமாறும்போது ‘அ’ + ‘இல்’ என்பதன் இடையே தகரம் வருகிறது. ‘அ’ என்னும் வினையின் எழுத்தில் அத்தகரம் இல்லை. இலத்தீன் மூலத்தில் இருந்தது முன்னரே மறைந்துவிட்டது. தகர ஈறுடைய பிற வினைகளின் வினா வடிவங்களை ஒட்டி, ஒப்புமையாக்கத்தால் பின்னர் புகுந்தது இது. இதனை மட்டும் தோன்றல் எனக் கொள்ளலாம்.