முகப்பருவும் நமது அடுக்களையும்

நவராத்திரி வந்துவிட்டால், எந்த ஊரில் குடியிருந்தாலும், நமது வீடுகளுக்குக் கொலு அழைப்புகள் வரத் தொடங்கும். தாயார் புறப்பட ஆயத்தமாகும் வேளையில், பதினைந்து வயது மகள் மட்டும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நான் வரவில்லை, அம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். காரணம், கன்னத்தில் எழும்பிய நாலைந்து பருக்கள். மகனோ வாய்விட்டுச் சொல்வதில்லை; புகைப்படம் எடுக்கையில் பின்வரிசைக்கு நழுவிவிடுகிறான். பெரியவர்களாகிய நாம், "வயதுக்கோளாறு" என்று சிரித்துவிடுகிறோம், அல்லது, "முகம் கழுவினாயா? என்ன தின்றாய்?" என்று விசாரணை தொடங்குகிறோம். இரண்டினாலும் பிள்ளைக்குப் பயனில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பரு அழுக்கினால் வருவதன்று. ஒழுக்கக் குறைவினாலும் வருவதன்று. பருவம் எய்துங்காலத்தில் ஆண்மை ஹார்மோன்கள் ஆண், பெண் இருபாலாரிடத்தும் பெருகுகின்றன. அவற்றின் ஏவலால் தோலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. உதிர்ந்த தோலணுக்களும் அந்த எண்ணெயும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைத்துவிடுகின்றன. தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைக் கிருமி அங்கே பெருக, அவ்விடம் சிவந்து வீங்குகிறது. பெற்றோருக்கு இளமையில் பரு இருந்திருப்பின், மக்களுக்கும் வருதல் பெரும்பாலும் இயல்பே.

அவ்வாறாயின் உணவுக்கு இதில் பங்கே இல்லையா? இக்கேள்விக்கு விடை மாறிமாறி வந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர், சாக்லேட் தின்பதனால் பரு மிகுவதில்லை என்று அறிவித்தனர். ஆனால் ஒப்பிடுவதற்காக அவர்கள் கொடுத்த மற்றொரு மிட்டாயிலும் ஏறத்தாழ அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்று பிற்காலத்தார் குறை கண்டனர். 2002-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி சிந்தனையைத் தூண்டியது. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிடாவா தீவில் 1,200 பேரைச் சோதித்தும் ஒருவரிடத்தும் பரு காணப்படவில்லை. அத்தீவினர் உண்டது கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியன; சர்க்கரையும் மாவுப் பண்டமும் அரிது. பின்னர் 2007-இல், ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுவரையுள்ள 43 ஆடவரைக் கொண்டு 12 வாரம் சோதித்தனர். விரைவில் சர்க்கரையாக மாறும் உணவைக் குறைத்தவர்களுக்குப் பருக்களும் அதிகமாகக் குறைந்தன. இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறினால் இன்சுலினும் ஏறும். அது எண்ணெய்ச் சுரப்பிகளையும் தூண்டிவிடும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம்.

இனி நமது அடுக்களையைப் பார்ப்போம். வேலைக்கும் பள்ளிக்கும் விரையும் காலை நேரத்தில் வெள்ளை ரொட்டியும் ஜாமும் இலைக்கு வந்துவிட்டன. மாலையில் தில்லியானால் சோளே படூரே, பம்பாயானால் பாவ் பாஜி, கல்கத்தாவானால் ரசகுல்லா. விருந்துக்கு ஒருநாள் உண்பதில் தவறில்லை. அன்றாடம் உண்பதைத்தான் குறைக்க வேண்டும். நமது பழைய சமையலில் நல்ல வழி இருக்கிறது. பச்சரிசிச் சோற்றைவிடப் புழுங்கலரிசிச் சோறு மெதுவாகச் செரிக்கும். சோற்றை ஒரு பிடி குறைத்து, சாம்பார், கூட்டு, கீரை, சுண்டல் ஆகியவற்றை ஒரு கரண்டி கூட்டினால் போதும். கேழ்வரகு நல்லதெனினும், நைய அரைத்துக் கூழாக்கினால் அதுவும் விரைவில் சர்க்கரையாகிவிடும் என்பதை மறத்தலாகாது. காபியில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு உண்டெனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் வளரும் பிள்ளைக்குப் பாலை அடியோடு நிறுத்துதல் தகாது. உடற்பயிற்சி செய்யும் இளைஞர் பாலிலிருந்து எடுத்த புரதப் பொடியை உண்டு பரு வந்தால், முதலில் அதை நிறுத்திப் பார்க்கலாம்.

உணவைப்போலவே பழக்கங்களும் முக்கியம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்து தங்கினால் அங்கேயே பரு கிளம்பும். எண்ணெய் தேய்த்த நாளில் நெற்றியைத் துடைத்து, குளித்த பின் தலையணை உறையையும் மாற்றுதல் நலம். முகத்தை நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பினால் கழுவினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல் எரிச்சலுற்றுப் பரு மிகும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். பருவைக் கிள்ளவே கூடாது. நமது மாநிறத் தோலில் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்கும். குழி விழுந்தாலோ எளிதில் ஆறாது. இரவில் நேரத்தோடு உறங்குவதும் உதவும்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், முகம் வெளுக்க வேண்டுமென்று யாரோ சொன்ன களிம்பை மருந்துக் கடையில் வாங்கித் தடவுகிறோம். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் வாரம் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலிந்து, சிவந்து, முன்னிலும் கடுமையான பரு வரும். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. ஏற்கெனவே பூசி வருவோர் மருத்துவரைக் கேட்டே நிறுத்துவது உத்தமம்.

உணவும் பழக்கமும் துணை செய்யும். எல்லாப் பருவையும் அவை தீர்த்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வலியுடன் கட்டிகட்டியாக எழும்பினாலோ, குழி விழத் தொடங்கினாலோ தோல் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறி, முகத்தில் ரோமமும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டி உண்டா என்று பார்த்தல் அவசியம். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் அவை பலன்தர இரண்டு மூன்று மாதமாகும். மருந்தாயினும் உணவாயினும் பொறுமை வேண்டும்.

பிள்ளையின் தட்டில் மட்டும் சர்க்கரையைக் குறைத்து, நாம் ஜிலேபி உண்பது நியாயமன்று. வீடு முழுவதும் ஒரே பந்தியில் உணவை மாற்றிக்கொள்வோம். விருந்தினர் முன்னிலையில் முகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுவோம். அடுத்த கொலுவுக்குள் பரு மறைகிறதோ இல்லையோ, கதவைச் சாத்திக்கொண்ட பெண் நம்மோடு புறப்பட்டு வரட்டும்.