காளை, கரடி, கம்ப்யூட்டர்!

இரண்டே நிமிஷத்தில் ஒரு பிள்ளையாண்டான் லட்ச டாலரைத் தொலைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "குடி முழுகிப் போயிற்று!" என்று தலையில் கை வைத்துக்கொள்வீர்கள். ஆனால் கனடா தேசத்து டொராண்டோ நகரில் அப்படித் தொலைக்கும் பிள்ளைகளை யாரும் கோபிப்பதில்லை. அடுத்த சுற்றுக்குள் கணக்கைச் சரிசெய்துகொள்ளச் சிறிது அவகாசம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பயப்படாதீர்கள். தொலைந்தது பொய்ப் பணம். டொராண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ராட்மன் நிர்வாகக் கல்லூரியில் சுமார் இருபது ஆண்டுகளாக ஒரு வர்த்தகப் போட்டி நடந்து வருகிறது. பல தேசத்து சர்வகலாசாலைகளிலிருந்தும் மாணவ மாணவியர் கோஷ்டி கோஷ்டியாக வந்து சேருகிறார்கள். பிப்ரவரி மாதம், வெளியே எலும்பைக் குத்தும் குளிர். உள்ளேயோ, கம்ப்யூட்டருக்குள் ஒரு முழு பங்கு மார்க்கெட்! கல்லூரிக்காரர்களே செய்து வைத்த மார்க்கெட் அது. ஆனால் அதில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நிஜ மனிதர்கள், அல்லது அவர்கள் எழுதிய புரோகிராம்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 'ஹேக்கத்தான்' என்று ஒரு பித்து உண்டு. ஓர் இரவும் ஒரு பகலும், சில சமயம் 36 மணி நேரம், உட்கார்ந்த இடத்திலேயே இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு புதுக் காரியம் கற்றுக் கொடுத்துவிட்டு, பரீட்சகர்கள் முன்னால் செய்து காட்டுவார்கள். காட்டுகிற ஐந்து நிமிஷம் அது ஓடினால் போதும். டொராண்டோ போட்டி அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆனால் தம்பி கொஞ்சம் பொல்லாதவன். இங்கே புரோகிராமை ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. அதைக் கவிழ்க்கக் காத்திருக்கும் மற்ற புரோகிராம்களுக்கு நடுவில் அது பிழைத்தும் ஆக வேண்டும்.

முதல் நாள் நடப்பது ஒரே கூச்சல். கம்ப்யூட்டரே கிடையாது. மாணவர்கள் ஒரு கூடத்தில் நின்றுகொண்டு, செய்தி வரவர, "வாங்குகிறேன்!", "விற்கிறேன்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பேரம் முடிந்தால் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாத்தியார்களும் பாங்கி உத்தியோகஸ்தர்களும்கூடக் கூட்டத்தில் இறங்கிக் கத்துகிறார்கள்! மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அப்புறம் வருகிறது நிசப்தமான பகுதி. அதுதான் நமக்கு முக்கியம்.

சில ஆண்டுகள் இந்தப் போட்டியில் வைத்த கணக்கு ஒன்றைக் கேளுங்கள். மார்க்கெட்டில் இரண்டு பங்குகள். ஒன்றின் பெயர் காளை, மற்றொன்றின் பெயர் கரடி. மூன்றாவதாக ஒரு பத்திரம்: அதில் ஒரு காளையும் ஒரு கரடியும் சேர்ந்தே இருக்கும். பூக்காரியிடம் மல்லிகை தனி, கனகாம்பரம் தனி, இரண்டும் சேர்த்துக் கட்டிய கதம்பம் தனி என்று விற்பதில்லையா, அதைப் போல. மல்லிகை பத்து ரூபாய், கனகாம்பரம் பதினைந்து, கதம்பமோ இருபத்தாறு என்று விற்றால் கெட்டிக்காரப் பெண் என்ன செய்வாள்? உதிரிப் பூவாக வாங்கித் தானே கட்டி, கதம்பமாக விற்று ஒரு ரூபாயை முடிந்துகொள்வாள்.

இதைத்தான் புரோகிராம் செய்ய வேண்டும். ஒரு சிக்கல்: காளைக்கும் கரடிக்கும் விலை கனடா டாலரில், கதம்பத்துக்கோ அமெரிக்க டாலரில்! நாணய மாற்று விலையும் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருக்கும். தரகு வேறு கொடுக்க வேண்டும். கையிருப்பு ஓர் அளவைத் தாண்டினால் அபராதம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. சுற்று தொடங்கிவிட்டால் மனிதன் கை வைக்கக்கூடாது; வியாபாரம் புரோகிராமின் பொறுப்பு.

கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டியபோதெல்லாம் அந்தப் புரோகிராம் வாங்கித் தள்ளும். அல்லது மல்லிகையை வாங்கிவிடும். கனகாம்பரம் வாங்கப் போவதற்குள் வேறொரு கோஷ்டியின் புரோகிராம் அதை அள்ளிக்கொண்டு போயிருக்கும். கையில் பாதிக் கதம்பம்! எழுதியவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"பொய்ப் பணத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பீர்கள். நிஜப் பணத்தில் நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. அது அமெரிக்காவில் நடந்தது.

2012ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதி. நைட் காபிடல் என்று ஒரு பெரிய தரகு ஸ்தாபனம். அன்றைக்கு ஒரு புதுப் புரோகிராமை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதை எட்டு சர்வர் கம்ப்யூட்டர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றியவர் எட்டாவதை விட்டுவிட்டார். ஹோட்டலில் ஏழு சர்வர்களுக்குப் புதுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு எட்டாமவருக்குக் கொடுக்க மறந்தால் அவர் பழைய பலகாரத்தைத்தானே கொண்டுவந்து வைப்பார்? அந்த எட்டாவது கம்ப்யூட்டரும் அதையே செய்தது. 2003லிருந்து உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய புரோகிராம் அதில் தூங்கிக்கொண்டிருந்தது, அது விழித்துக்கொண்டது. 'கேட்டது கிடைத்தாயிற்று, நிறுத்து' என்று அதற்குச் சொல்ல வேண்டிய கணக்கை 2005லேயே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு சோதித்துப் பார்க்கவில்லை.

வாடிக்கைக்காரர்கள் கொடுத்தது வெறும் 212 ஆர்டர்கள். 45 நிமிஷத்தில் நடந்த பேரமோ 40 லட்சத்துக்கு மேல்! மார்க்கெட் திறப்பதற்கு முன்பே தப்பைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை அந்த யந்திரமே அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தில், சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழிலிருந்தும் புதுப் புரோகிராமை எடுத்தார்கள். கேட்க வேண்டுமா? பழைய பூதம் எட்டிலும் புகுந்துகொண்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். 2013இல் சர்க்கார் கமிஷன் விதித்த அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர். அதே வருஷம் ஸ்தாபனம் வேறொன்றோடு இணைந்து போயிற்று.

டொராண்டோவுக்கு வருவோம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் கிடைக்கும் அவகாசத்தில், ஜயித்த கோஷ்டிக்கு லாபத்தைக் கூட்டும் ஆசை வரும். தோற்ற கோஷ்டி தப்பைத் தேடும். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் முதலில் பார்க்க வேண்டியது ஒரே வரியைத்தான்: எத்தனை நஷ்டம் வந்தால் புரோகிராம் தானாக நிற்கும் என்று எழுதியிருக்கிற வரி. வேலை கொடுக்கும் பாங்கிக்காரர்களும் இந்தப் போட்டிக்கு வருகிறார்கள் என்பதால், திரையில் தெரியும் லாபத்தின்மேல்தான் பிள்ளைகளின் கண் போகும். அதில் குற்றம் சொல்வதற்கில்லை, இருபது வயது!

நேரம் ஆகிவிட்டது. போன சுற்றின் லாபமும் நஷ்டமும் திரையிலிருந்து மறைந்துவிட்டன. காளையும் கரடியும் புது விலையில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.