மீன் புகையூட்டும் டிரம்: கரியைக் கூட்டாமல் காற்றை அடக்குங்கள்

கேள்வி: “கொல்லையில் இரும்பு டிரம் வைத்து, கரி போட்டு மீன் புகையூட்டுகிறோம். கீழ்த்தட்டு மீன் கருகிவிடுகிறது, மேல்தட்டு மீன் வேகவில்லை. அடிக்கடி தீயும் பற்றிக்கொள்கிறது. டிரம்மில் என்ன மாற்றம் செய்யலாம்?”
- வாசகி ஒருவர், கோவில்பத்து, காரைக்கால்

காரைக்கால் கரையில் மீனை வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குவதுதான் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நடக்காது. அந்த நாட்களில் மீனை வீணாக்காமல் இருக்கப் புகையூட்டல் கைகொடுக்கும். இது நமக்குப் புதிதும் அல்ல. நாம் குழம்புக்கு வாங்கும் மாசி, லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்யப்படுவதே.

வாசகி சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். அடுப்புக்குள் காற்று தன் போக்கில் போய்வருகிறது. மீன் நெய்யும் நேராகத் தணலில் சொட்டுகிறது.

ஆப்பிரிக்கப் பெண்கள் கண்ட வழி

கானா நாட்டின் அக்ரா நகரை ஒட்டிய சோர்கோர் மீனவர் குப்பத்தில், பெண்கள் வட்ட மண் அடுப்பிலும் எண்ணெய் டிரம்மிலும்தான் மீன் புகையூட்டி வந்தார்கள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டு உணவு ஆராய்ச்சி நிலையமும், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அவர்களோடு சேர்ந்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் செவ்வக அடுப்பை உருவாக்கின. பின்னர் செனகல் நாட்டின் தியாரோயில் அந்த அடுப்பு மேலும் திருத்தப்பட்டது. தணலால் வேகவைப்பது ஒரு கட்டம், புகை போடுவது தனிக் கட்டம், நடுவில் நெய் பிடிக்கும் தட்டு என்பதே அந்தத் திருத்தம். இதே முறையை நம் டிரம்மிலும் செய்யலாம்.

டிரம்மில் செய்ய வேண்டியவை

200 லிட்டர் டிரம் சுமார் 35 அங்குல உயரம் இருக்கும். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் மிச்சம் உள்ள மூடிய டிரம்மை கேஸ் கட்டரால் வெட்டினால் வெடிக்கும். மேல்மூடி கழற்றும் டிரம்மாக வாங்கி, உள்ளே விறகு போட்டு எரித்து, பெயின்டைச் சுரண்டிக் கழுவிய பிறகே மீன் வையுங்கள்.

1. அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில், சுற்றிலும் ஓர் அங்குலத் துளை மூன்று போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் திருகித் திறக்கும் தகர மூடி பொருத்துங்கள்.
2. மூடியில் 2 அங்குலக் குழாய் ஒன்றைப் புகைபோக்கியாக வையுங்கள். இதை எப்போதும் அடைக்காதீர்கள். அடைத்தால் புகை தேங்கி மீன் கசக்கும்.
3. அடியிலிருந்து 4 அங்குலம் தூக்கி, 6 அங்குல ஆழமுள்ள கம்பிக் கூடையில் கரி வையுங்கள். சாம்பல் கீழே கொட்டினால்தான் தணல் மூச்சுவிடும்.
4. 16 அங்குல உயரத்தில், 18 அங்குல அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சொட்டும் நெய் அதில் விழும். ஓரத்து இடைவெளி வழியே சூடும் புகையும் மேலேறும்.
5. மீன் தட்டுகளை 22, 29 அங்குல உயரங்களில் வையுங்கள். பாதி நேரத்தில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றுங்கள். தட்டு எவர்சில்வர் வலையாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய வலை அதிகச் சூட்டில் நச்சுப்புகை விடும்.
6. கீழ்த்தட்டு மட்டத்தில் முள் வெப்பமானி ஒன்று பொருத்துங்கள்.

நெய் தணலில் விழாமல் தடுப்பது ருசிக்காக மட்டும் அல்ல. எரியும் நெய்யின் புகையில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் உண்டாகி மீனில் படியும். ஐரோப்பிய நாடுகள் 2014 செப்டம்பர் முதல், புகையூட்டிய மீனில் இது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று வைத்துள்ளன. கானாங்கெளுத்தி, மத்தி போன்ற நெய்மீன்களுக்கு இந்தத் தட்டு கட்டாயம்.

சூட்டை அடக்கும் முறை

கூடை நிறையக் கரியைப் பற்றவைக்க வேண்டாம். பற்றாத கரியைப் பரப்பி, நடுவில் ஏழெட்டுத் தணல் துண்டுகளை மட்டும் வையுங்கள். தீ மெல்லப் பரவும். கொட்டாங்கச்சிக் கரியும் சீமைக்கருவேலங் கரியும் நன்றாக நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை மீனில் ஏறும். தேங்காய் நார் போதும்.

கழுவி உப்புநீரில் ஊறவைத்த மீனை, ஈரம் வடிந்த பிறகு அடுக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் மேல்தோல் காயட்டும். பிறகு 80 முதல் 100 டிகிரிக்கு ஏற்றுங்கள். மீனின் தடித்த பகுதியின் உள்ளே 63 டிகிரி வந்து அரை மணி நேரம் நிற்க வேண்டும். அதன் பிறகே, லேசாக ஈரமான தேங்காய் மட்டையைத் தணலில் போட்டுப் புகை கொடுங்கள். பழைய படகுப் பலகை, பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் எதுவும் கூடாது.

சூடு கூடினால் கீழ்த்துளையைச் சற்று மூடி, 15 நிமிடம் பொறுங்கள். உடனே இன்னொன்றையும் மூடினால் தணல் அணைந்துவிடும். பிற்பகலில் கடல்காற்று எழும்போது, காற்றைப் பார்த்த துளையை மூடி எதிர்ப்பக்கத் துளையைத் திறங்கள்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

மழை வந்ததென்று டிரம்மை வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ இழுக்காதீர்கள். தணலும் சாம்பல் மூடிய கங்கும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. தலைவலி, கிறக்கம் வருவதற்குள் ஆள் மயங்கிவிடலாம். மழைக்காலத்துக்கு, நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரையை முன்கூட்டியே போட்டுவையுங்கள். கீற்றுக் கூரையிலிருந்து பத்தடியாவது தள்ளி, செங்கல் அடுக்கி அதன்மேல் டிரம்மை நிறுத்துங்கள்.

மூடியைச் சட்டென்று திறந்தால் காற்று பாய்ந்து தீ மேலே எழும். பக்கவாட்டில் நின்று, மெல்லத் தூக்குங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் மீனை எடுத்துவிட்டு, கீழ்த்துளைகளோடு புகைபோக்கியையும் மூடிவிட்டால் தணல் தானாக அணையும். அடைக்க வேண்டிய நேரம் அது ஒன்றுதான். சாம்பலை மறுநாள் கொட்டுங்கள்.

இன்னொன்று, இப்படிச் செய்த மீன் கருவாடு அல்ல. உள்ளே ஈரம் இருக்கும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள். காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி வெளியே வைத்தால் கொடிய நஞ்சு உண்டாக்கும் கிருமி வளரும். விற்பவர்கள் வாங்குபவரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

கையில் பணம் குறைவென்றால், முதலில் நெய் பிடிக்கும் தட்டையும் துளை மூடிகளையும் செய்துகொள்ளுங்கள். கருகலும் தீப்பற்றலும் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும்.